கத்தும் கடனும் கத்தாத கடனும்: சேலத்தில் ஓர் இலவசக் கடன் ஆலோசனை மையம்

சும்மா கிடைத்த உதவியைப் பற்றி எழுதும்போது குறை சொல்லக் கை வராது. ஆனால் பாராட்டை மட்டும் எழுதினால், நம்பிப் போகிறவர்கள் அங்கே கிடக்கும் பெஞ்சைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவார்கள். அதனால் இரண்டையும் எழுதிவிடுகிறேன். முதலில் என் முடிவு: கிரெடிட் கார்டும் வீட்டுக் கடனும் சேர்ந்து நெருக்குகிற வீடு உங்களுடையது என்றால், யாருக்கும் ஒரு ரூபாய் கட்டணம் கொடுப்பதற்கு முன்னால் இப்படி ஒரு மையத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.

என்ன மையம் என்று கேட்பீர்கள். வங்கிகள் நடத்தும் நிதியறிவு மையங்கள்தான். 2009-இல் ரிசர்வ் வங்கி இவற்றுக்கு ஒரு மாதிரித் திட்டம் போட்டபோது, கடன் ஆலோசனை என்பதும் பெயரிலேயே இருந்தது. 2012-க்குப் பிறகு, ஒரு மாவட்டத்தின் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி அலுவலகம்தோறும் ஒன்று இருக்க வேண்டும் என்று ஆனது. நடைமுறையில் பல இடங்களில் கணக்குத் தொடங்குவது, காப்பீட்டில் சேர்ப்பது, கிராமத்தில் முகாம் போடுவது என்பதோடு முடிந்துவிடுகிறது. கடன் ஆலோசனை கிடைக்குமா என்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பொறுத்தது. நான் போன மையத்தை எந்த வங்கி நடத்துகிறது என்று எழுதாததற்கும் அதுதான் காரணம். அந்த ஆள் மாறிவிட்டால் நான் எழுதியது செல்லாது.

எங்களுக்குச் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. வேலை எல்லாம் எங்கள் வீட்டுக்காரர், கணக்கு வழக்கு நான். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியபோதே ஆர்டர் மெலிய ஆரம்பித்தது. 2025 கடைசியில் இரண்டு லட்சத்தையும் தாண்டிய பிறகு, கனமான கொலுசு கேட்கிற ஆளே இல்லை. செவ்வாய்பேட்டை வியாபாரி வெள்ளி கொடுத்தால்தான் எங்களுக்குக் கூலி. வெள்ளி வராத மாதத்திலும் பட்டறை ஆட்களுக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள். அந்த முன்பணம் கார்டிலிருந்து போயிற்று. ஒரு கார்டில் 1,80,000 ரூபாய், இன்னொன்றில் 46,000. வீட்டுக் கடன் தனி: 2017-இல் வாங்கிய 22 லட்சம், மாதத் தவணை 19,100, பாக்கி பதினேழரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதில் கார்டுக் கடன் கத்தும். காலையில் காபி ஆறுவதற்குள் வசூல் ஏஜென்சியிலிருந்து போன் வரும். எடுக்காவிட்டால் கொழுந்தனாருக்குப் போகும். வீட்டுக் கடன் வங்கியோ மாதம் ஒரு குறுஞ்செய்தியோடு சரி. அதனால் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: இரண்டு மாத வீட்டுத் தவணையை நிறுத்தி, அந்தப் பணத்தைக் கார்டில் போட்டு வாயை அடைத்துவிடுவது. ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு செட்டில்மென்ட் அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, அவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். ஆறு மாதம் எதையுமே கட்ட வேண்டாம், அப்புறம் பாதிக்கும் கீழே பேசி முடித்துத் தருகிறோம், முன்பணம் பதினைந்தாயிரம் என்றார்கள். நல்ல ஏசி. டீ கூடக் கொடுத்தார்கள்.

மையத்தில் ஏசி இல்லை, டீயும் இல்லை. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர், ஒரு மேசை, ஒரு கால்குலேட்டர், பின்பக்கம் காலியாக இருக்கும் பழைய அச்சுத்தாள்கள். நான் தனியாகத்தான் போயிருந்தேன். கார்டு கணவர் பெயரில் இருக்கிறது என்றதும், "அவரையும் கூட்டிட்டு வா கண்ணு, அவர் கடனை அவர் இல்லாம நான் பேசறது நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. பட்டறையை விட்டு அவரைக் கிளப்பிக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. ஆனால் யார் வந்து கேட்டாலும் அடுத்தவர் கணக்கைப் பிரித்துப் பேசுகிற இடத்தை நானே நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு பேரும் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி வட்டியைப் பற்றியோ வருமானத்தைப் பற்றியோ இல்லை. "வீட்டுப் பத்திரம் இப்ப எங்க இருக்கு?" என்றார். வங்கியில் என்றோம். "கார்டுக்காரர்கிட்ட என்ன கொடுத்திருக்கீங்க?" ஒன்றும் இல்லை என்றோம். தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, பத்திரம் போன கடனை இடது பக்கமும் போகாத கடன்களை வலது பக்கமும் எழுதினார். மொத்த ஆலோசனையும் அந்தக் கோட்டிலிருந்துதான் வந்தது.

இடது பக்கத்தை அவர் விளக்கியது இப்படி. வீட்டுத் தவணை 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன். அப்புறம் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் பணம் வரவில்லை என்றால், சிவில் கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுத்து ஏலத்துக்குக் கொண்டுவரலாம். காலைப் பேப்பரில் பொடி எழுத்தில், சர்வே எண்ணும் நான்கு எல்லையும் போட்டு வருகிற சுவாதீன அறிவிப்புகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் தெரிந்த பெயர் இருக்கிறதா என்று தேடுகிறவர்களும் உண்டு. வலது பக்கத்தில் இருக்கும் கார்டு வங்கிக்கு அந்த வழி கிடையாது. அவர்கள் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினால்தான் சொத்துப் பக்கமே வர முடியும். அவர்கள் கையில் உடனே இருப்பது போனும், நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் சிபில் அறிக்கையும்தான். போன் சத்தம் அதிகம் என்பதற்காக நாம் முதலில் அங்கே கட்டுகிறோம். எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நாள் நான் சொன்னதைவிட அந்தக் கோடு நன்றாக வேலை செய்தது.

அதற்காகக் கார்டை விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கேதான் கால்குலேட்டர் வெளியே வந்தது. பாக்கி 1,80,000. மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 6,300 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,134. ஆக மாதம் 7,434 ரூபாய் வெறும் வட்டியும் வரியும். நாங்கள் குறைந்தபட்சத் தொகை என்று கட்டிக்கொண்டிருந்தது 9,000. அசலில் கழிந்தது 1,566 மட்டும். இதில் பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்க்கிற தொகைக்கு வட்டியில்லாத நாள்களும் கிடையாது, அன்றிலிருந்தே வட்டி ஓடும். "இப்படியே போனா உங்க பையன்தான் கட்டி முடிப்பான்" என்றார். பையன் ஆறாவது படிக்கிறான்.

அவர் சொன்ன வழி: கார்டு வங்கியிடம் மொத்தப் பாக்கியையும் மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கார்டை முடக்கிவிடுவார்கள், முடக்கட்டும். நாங்கள் கேட்டபோது முதலில் முடியாது என்றார்கள். எழுத்தில் கேட்டதும், மேலதிகாரியிடம் பேசியதும் சேர்ந்து, 16 சதவீத வட்டியில் 24 மாதத் தவணைக்கு ஒத்துக்கொண்டார்கள். மாதம் 8,813 ரூபாய், வட்டி மேல் ஜி.எஸ்.டி. தனி. கவனியுங்கள்: முன்னால் கட்டிய 9,000 கிட்டத்தட்ட அதே பணம்தான். ஆனால் இது இரண்டு வருடத்தில் முடிந்துபோகும். மொத்த வட்டி 31,500 சொச்சம், அதன் மேல் வரி 5,700 அளவில். பதினைந்தாயிரம் முன்பணம் கேட்ட ஏசி அலுவலகத்தில் இந்த வழியை ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

செட்டில்மென்ட் பற்றியும் கேட்டோம். பாதிப் பணத்துக்குப் பேசி முடித்தால் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். முழுசாகக் கட்டாத ஆள் என்பதற்கு அது நிரந்தர சாட்சி மாதிரி வருடக்கணக்கில் நிற்கும். நாளைக்குப் பட்டறைக்கு ஒரு முத்ரா கடன் கேட்டாலும் வங்கியில் முதலில் கண்ணில் படுவது அதுதான். வேலையே போய், வருமானமே நின்றுபோனவர்களுக்கு வேறு வழி இருக்காது, அவர்கள் செய்யலாம். மாதம் 9,000 கட்ட முடிகிற உங்களுக்கு எதற்கு என்றார். அதுவும் ஆறு மாதம் கட்டாமல் இருந்து, வட்டியும் தாமதக் கட்டணமும் ஏற்றிக்கொண்டு!

சின்னக் கார்டின் 46,000-க்கு என் செயின் ஒன்றை வங்கியில் வைத்து மொத்தமாக அடைத்துவிட்டோம். நகைக்கடன் வட்டி பத்து சதவீதத்துக்குள், கார்டு வட்டி வருடக் கணக்கில் நாற்பதுக்கு மேல். இதற்குப் பெரிய யோசனை தேவையில்லை. மனசுதான் கொஞ்சம் இடித்தது. கார்டை ரத்து செய்யச் சொல்லி எழுதிக்கொடுத்தோம். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. அந்த வரியைக் கடிதத்தில் சேர்த்து எழுதச் சொன்னவரும் அவர்தான். சட்டென்று மூடினார்கள்.

நகை என்றதும் வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் வெள்ளி நகைக்கும் கடன் கொடுக்கும் புது விதி வருகிறது, பட்டறையில் கிடக்கும் கொலுசை வைத்தால் என்ன என்று கேட்டார். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த வெள்ளி உங்களுதா, வியாபாரியுதா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்காக: ஒருவர் 10 கிலோ வரை வெள்ளி நகை வைக்கலாம், கட்டி வெள்ளி செல்லாது.

நான் எதிர்பார்க்காத லாபம் வீட்டுக் கடனில் கிடைத்தது. அனுமதிக் கடிதத்தையும் கணக்கு அறிக்கையையும் புரட்டிப் பார்த்தவர், இந்தக் கடன் எப்போது முடிகிறது என்று கேட்டார். 2037 என்றேன். 2039 என்றார். விஷயம் இதுதான். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.50-க்கு ஏறியது. எங்கள் வட்டியும் ஏறியது, ஆனால் தவணைத் தொகை மாறவில்லை, காலம் நீண்டுவிட்டது. மாதம் அதே 19,100 போகிறது என்பதால் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. 2025-இல் ரெப்போ படிப்படியாக 5.25-க்கு இறங்கியபோதும் எங்கள் வட்டி அதே வேகத்தில் இறங்கவில்லை. காரணம் 2017-இல் வாங்கிய கடன், வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே வட்டி போடும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையில் இருந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் புதிய வீட்டுக் கடன்கள்தான் ரெப்போ மாதிரியான வெளி அளவுகோலோடு கட்டாயம் கட்டப்பட்டவை. பழைய ஆள் போய்க் கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள், ஒரு சின்னக் கட்டணம் உண்டு. கேட்காவிட்டால் அவர்களாகக் கூப்பிட்டு மாற்றப்போவதில்லை.

மாற்றினோம். 9.3 சதவீதம் 7.9 ஆயிற்று. அப்போது வங்கியில் இருந்த பெண் அதிகாரி, தவணையைக் குறைத்துவிடட்டுமா என்று அன்பாகக் கேட்டார். சார் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்: தவணையில் கை வைக்காதே, அதே 19,100 போகட்டும், காலம் குறையட்டும். கணக்கு மறுபடி 2037-க்கே வந்துவிட்டது. வீட்டுக் கடனை நிதி நிறுவனத்தில் வாங்கியவர்களுக்கு இந்த ரெப்போ விதி கட்டாயம் இல்லை. அவர்கள் வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பேசிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வேறு வங்கிக்கு மாற்ற வேண்டும். மாறும் வட்டியில் இருக்கும் வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பதால், மாற்றுவது நினைக்கிற அளவு செலவில்லை.

டாப்-அப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். வீட்டுக் கடன் மேல் இன்னும் இரண்டேகால் லட்சம் வாங்கிக் கார்டு இரண்டையும் அடைத்துவிட்டால் வட்டி ரொம்பக் குறைவுதானே? கணக்குப்படி சரிதான் என்றார். ஆனால் வலது பக்கக் கடனைத் தூக்கி இடது பக்கம் வைக்கிறீர்கள், வீட்டைக் காட்டாமல் வாங்கிய கடனுக்கு இப்போது வீட்டைக் காட்டுகிறீர்கள், இரண்டு வருடத்தில் முடிக்க முடிந்ததைப் பத்து வருடத்துக்கு இழுக்கிறீர்கள் என்றார். இதில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கார்டை வெட்டிப் போட்டுவிட்டு, டாப்-அப்பை இரண்டு மூன்று வருடத்தில் அடைக்கிற கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு அது நல்ல வழிதான். எங்கள் வீட்டில் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று அவர் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில், நான் வாதாடவில்லை.

இனி குறைகள். வசூல் ஏஜென்சி ஆள் கொழுந்தனாருக்குப் போன் செய்வதைச் சொன்னபோது, "அவங்களும் வயித்துப் பிழைப்புக்குத்தான் கண்ணு பண்றாங்க, விட்டுடு" என்று நழுவிவிட்டார். முப்பது வருடம் வங்கியில் இருந்தவருக்கு வங்கி மேல் புகார் எழுதச் சொல்ல வாய் வரவில்லை. விதி தெளிவாகவே இருக்கிறது: காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. நானே கார்டு வங்கியின் குறைதீர் அதிகாரிக்குத் தேதி, நேரத்தோடு மின்னஞ்சல் எழுதினேன். கொழுந்தனாருக்குப் போன் வருவது நின்றது. 30 நாளுக்குள் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே போகலாம், விவரம் கேட்க 14448. இதை ஓர் ஆலோசனை மையம் சொல்லித்தர வேண்டும். சுவரில்கூட ஒட்டியிருக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை, மறைவே இல்லை. ஒரே அறை. நீங்கள் 1,80,000 என்று சொல்லும்போது பின்னால் பெஞ்சில் காத்திருப்பவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் பின்னால் இருந்தவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒரு ப்ளைவுட் தட்டி வைக்க என்ன செலவாகிவிடும்? கடனைவிட கடன் வெளியே தெரிவதற்குப் பயந்துதான் நம் ஊரில் பாதிப் பேர் கந்துவட்டிக்குப் போகிறார்கள்.

கொடுக்கிற கையேடுகள் வீண். உண்டியலில் சேமிக்கும் குடும்பப் படம் போட்டிருக்கிறது. கிரெடிட் கார்டு பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

சிபில் விஷயத்தில் மட்டும் மறுபடி பாராட்ட வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும், இது 2017 முதல் இருக்கிறது. சார் அங்கேயே என் போனில் எடுக்க வைத்தார். எப்போதோ தவணையில் வாங்கி அடைத்து முடித்த ஃப்ரிட்ஜ் கடன் ஒன்று இன்னும் பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்தது. ஆட்சேபம் பதிவு செய்வதற்கும் காசு கிடையாது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. அதற்குள்ளேயே திருத்திவிட்டார்கள். 300-க்கும் 900-க்கும் நடுவில் கொடுக்கிற மதிப்பெண்ணில் 600-க்குக் கீழே கிடந்த எங்கள் வீட்டுக்காரர், இப்போது 690-இல் இருக்கிறார். மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறோம் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் செய்வதும் இதே ஆட்சேபப் பதிவுதான். சரியாக இருக்கும் பதிவை யாராலும் அழிக்க முடியாது.

போகிறவர்களுக்கு: காலையில் போங்கள். மதியத்துக்கு மேல் ஏற்காடு, வாழப்பாடி என்று முகாமுக்குக் கிளம்பிவிட்டால் கதவு பூட்டியிருக்கும், தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை, டோக்கனும் கிடையாது. கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு போங்கள். கடைசி ஆறு மாதக் கார்டு பில், வீட்டுக் கடன் அனுமதிக் கடிதம், கணக்கு அறிக்கை, நகைச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் கேட்பார். ஜெராக்ஸ் கடை கீழேயே இருக்கிறது, ஆனால் பக்கத்துக்கு மூன்று ரூபாய்.